கடைவாய்ப் பல்லின் கழுத்தில் காவிரி

மனித உயிரியல் பாடப் புத்தகங்களில் பல்லின் படம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். நெடுக்காக வெட்டிய ஒரு கடைவாய்ப் பல். மேலே எனாமல், அதற்கு உள்ளே டென்டைன், நடுவில் பற்கூழ், கீழே இரண்டு வேர்கள், பக்கத்தில் அம்புக்குறிகள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலோ செவிலியமோ ஆய்வகத் தொழில்நுட்பமோ எடுத்து முதலாண்டில் சேரும் பிள்ளைகள் அந்தப் படத்தை ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அதே வகுப்பில் யாராவது ஒருவர் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். அவருடைய முன்பற்களில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டுகளும், அவற்றின் மேல் பழுப்பான குறுக்குக் கோடுகளும் இருக்கும். ரெக்கார்டு நோட்டுப் படத்தில் அந்தக் கோடுகளுக்கு இடமில்லை.

இந்த மாவட்டத்தில் மனித உயிரியலை அந்தக் கோடுகளிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கட்சி. பல், எலும்பு, இரைப்பை, சிறுநீரகம் என்று புத்தகம் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருப்பதையெல்லாம் ஆழ்துளைக் கிணற்று (போர்) நீரில் வந்து அந்தக் கோடுகளை வரைந்த ஃப்ளோரைடு என்ற ஒரே பொருள் ஒன்றாகக் கோத்துக் காட்டிவிடும்.

ஊரில் பலரும் அந்தக் கோடுகளைப் பல் விளக்காத கறை என்றுதான் நினைக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முதல் கம்பெனி நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் வரை அந்த நினைப்பில்தான் பார்க்கிறார்கள். அது தவறு என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவர் வேண்டியதில்லை, ஒரு கைக்கண்ணாடி போதும். மேல் வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு வெட்டுப்பற்களைப் பாருங்கள். வலது பல்லில் கோடு எந்த உயரத்தில் ஓடுகிறதோ, இடது பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் ஓடும். வெற்றிலைக் கறையோ புகையிலைக் கறையோ இப்படி இரண்டு பக்கமும் அளந்து வைத்ததுபோல் படியாது. இந்த இரண்டு பற்களும் தாடைக்குள் ஒரே மாதங்களில் உருவானவை. அந்த மாதங்களில் உடம்புக்குள் வந்த ஒன்று இரண்டிலும் ஒரே இடத்தில் பதிந்துவிட்டது. மேலே படிந்திருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். பல் உருவாகும்போதே உள்ளே சேர்ந்ததைச் செங்கல் பொடியோ சாம்பலோ அசைக்காது. அழுத்தித் தேய்த்தால் இருக்கிற எனாமலும் போய்விடும்.

உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல். முற்றிய எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புதான்: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் படிகங்கள். ஆனால் அது தொடக்கத்திலேயே கல்லாக உருவாவதில்லை. எனாமலை உண்டாக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு மென்மையான சாரத்தைக் கட்டுகின்றன. அதற்குள் படிகங்கள் மெல்லிய நாடாக்களாக வளர்கின்றன. பிறகு அதே செல்கள் புரதத்தைக் கரைத்து வெளியேற்றுகின்றன; காலியான இடத்தில் படிகங்கள் தடித்து ஒன்றோடொன்று நெருங்கிவிடுகின்றன. இந்த இரண்டாம் கட்டத்தில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் புரதம் வெளியேறுவது தாமதமாகிறது. கான்கிரீட் போட்டுவிட்டு சென்ட்ரிங் பலகைகளை உள்ளேயே விட்டுவிட்ட கூரை மாதிரி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய இடைவெளிகள் தங்கிவிடுகின்றன. ஒளி அந்த இடத்தில் சிதறுவதால்தான் சுண்ணாம்பு வெண்மை. பழுப்பு நிறம் பின்னால் வருவது. ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகு, டீ, குழம்பு, தண்ணீரில் உள்ள இரும்பு எல்லாம் அந்தத் துளைகளில் ஏறி ஏறி நிறம் பிடிக்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு வெண்திட்டோடு முளைக்கும் பல், கல்லூரிக்கு வரும்போது பழுப்பாகியிருப்பது இதனால்தான்.

எனாமலுக்கு இன்னொரு குணம் உண்டு. பல் முளைக்கும்போது அதை உண்டாக்கிய செல்கள் அழிந்துவிடுகின்றன. தோல் புதுப்பித்துக்கொள்ளும், எலும்பு முறிந்தால் கூடும், கல்லீரல்கூட வளரும். எனாமல் மட்டும் ஒருமுறை எழுதியதைத் திருத்துவதில்லை. அது வளர்ந்த கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு நாளுக்கு ஒன்றாகக் குறுக்கு வரிகள் தெரியும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை இன்னும் அழுத்தமான ஒரு கோடு. பால் பற்களிலும் முதல் கடைவாய்ப் பல்லிலும் ஒருவர் பிறந்த நாளே ஒரு கோடாகப் பதிந்திருக்கும். பிறப்பின் அதிர்ச்சியில் எனாமல் வளர்ச்சி கொஞ்சம் தடுமாறிய தடம் அது.

ஒவ்வொரு நிரந்தரப் பல்லுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. முதல் கடைவாய்ப் பல் பிறப்பையொட்டித் தொடங்கி சுமார் மூன்று வயதில் மகுடத்தை முடிக்கும். நடு வெட்டுப்பற்கள் மூன்று நான்கு மாதக் குழந்தையாக இருக்கும்போது தொடங்கி நான்கு ஐந்து வயதில் முடியும். கோரைப்பல் ஆறு ஏழு வயது வரை போகும். இரண்டாம் கடைவாய்ப் பல்லோ இரண்டரை மூன்று வயதில்தான் தொடங்கி, ஏழு எட்டு வயதில் முடிகிறது. எல்லாப் பல்லும் கடிக்கும் முனையில் தொடங்கி ஈறின் பக்கமாக, அதாவது கழுத்தை நோக்கி வளரும். ஆகவே ஒருவர் எந்த வயதில் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்பதை அவர் வாயைத் திறக்கச் சொல்லியே ஓரளவு படித்துவிடலாம்.

இப்போது இந்த மாவட்டத்தின் ஒரு தேதியை அந்த அட்டவணையின் மேல் வைத்துப் பாருங்கள். 2013 மே 29 அன்று, காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். 2025இல் கல்லூரி முதலாண்டில் சேர்ந்த ஒரு மாணவி 2007ஆம் ஆண்டின் நடுவில் பிறந்தவர் என்று கொள்வோம். அந்த மே மாதத்தில் அவருக்கு வயது கிட்டத்தட்ட ஆறு. அவருடைய முன்பற்கள் தாடைக்குள் எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. முதல் கடைவாய்ப் பல்லும் அப்படித்தான். அவை முழுக்க முழுக்க போர் தண்ணீரின் பற்கள். இரண்டாம் கடைவாய்ப் பல்லோ பாதி வேலையில் இருந்தது. திட்டத்தின் குழாய் அவர் ஊருக்கு உடனே வந்து சேர்ந்திருந்தால், அந்தப் பல்லின் மேல்பகுதி போர் தண்ணீரிலும் கழுத்துப் பகுதி காவிரியிலும் உருவாகியிருக்கும். இப்போது கல்லூரியில் இருக்கும் தலைமுறைக்கு மட்டும் அமைந்த விசித்திரம் இது. அவர்களுடைய அண்ணன்மார் வாயில் காவிரி இல்லை. 2013க்குப் பிறகு பிறந்த தங்கைகள் வாயில், ஊர்த் தொட்டியில் பழைய போர் தண்ணீரைக் கலக்காமல் இருந்திருந்தால், கோடு இருக்கக் கூடாது. 2013இல் பிறந்த குழந்தைகள் 2030, 2031 வாக்கில் கல்லூரிக்கு வருவார்கள். திட்டம் வென்றதா தோற்றதா என்பதற்கு எந்த அரசாணையையும்விட அவர்கள் சிரிப்பு நம்பகமான சான்று.

அந்தத் திட்டம் லேசில் வந்துவிடவில்லை. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். இரண்டுக்கும் சேர்த்து, ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய்த் திட்டமாக அது உருவானது. ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு மிகுவதால் பல்லிலும் எலும்பிலும் வரும் நோய், அதன் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் திட்டத்தின் பெயரிலேயே இருந்தது. 2008இல் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டியதும் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது; இங்கே தமிழ்த் திரையுலகம் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது; கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டம் சில காலம் நின்றது. எல்லையில் பேருந்துகள் நிற்பதையும் ஓடுவதையும் பற்றிய செய்திதான் அந்த நாட்களில் முதல் பக்கத்தில் இருந்தது. ஒரு குழந்தையின் முன்பல் உருவாகும் காலம் நாலரை ஆண்டு. அடிக்கல்லிலிருந்து தொடக்க விழா வரை ஐந்து ஆண்டு. அந்த இடைவெளியில் முன்பல் உருவான பிள்ளைகள்தான் இன்று வகுப்பில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவர்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு நீர்க்கேடு என்றால் கெலவரப்பள்ளி அணைதான் நினைவுக்கு வரும். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை அங்கே வெள்ளை நுரையாகப் பொங்கும்போது தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்து நிற்கும். ஃப்ளோரைடுக்கு நுரை இல்லை, நிறமில்லை, வாடையில்லை. குடிநீரில் இருக்கும் அளவுகளில் நாக்குக்கும் தெரியாது. எந்தத் தொழிற்சாலையும் அதைக் கொட்டவும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாறையில் இருந்தது அது. இந்தப் பகுதி முழுக்க கிரானைட்டும் நைஸ் பாறையும்தான். அவற்றுக்குள் இருக்கும் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளண்ட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. நிலத்தடி நீரில் பைகார்பனேட் மிகுந்து, கால்சியம் குறைந்திருந்தால் அது எளிதில் கரைந்து வரும். கால்சியம் இருந்தால் அதைப் பிடித்துப் படிய வைத்துவிடும். ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் போகிறதோ, அவ்வளவு காலம் தண்ணீர் பாறையோடு ஊறியிருக்கும். திறந்த கிணற்றில் மழை நீர் குடித்த தாத்தாவுக்குப் பல் வெள்ளையாகவும், ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்த பேரனுக்குக் கறையாகவும் இருந்தால் அதில் புதிரில்லை.

ஃப்ளோரோசிஸ் நோயை இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டதும் நம் பக்கத்தில்தான். 1937இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் எச்.இ.ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகெலும்பு விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வாழ்ந்த கிராமத்து மக்களைச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, குடிநீரில் உள்ள ஃப்ளோரைடே காரணம் என்று எழுதினார்கள். (மலேரியாக் கிருமி ரத்தத்துக்கு வருமுன் மனிதக் கல்லீரலில் ஒளிந்து வளர்வதை 1948இல் கார்ன்ஹாமோடு சேர்ந்து கண்டுபிடித்த ஷார்ட்தான் இவர். அந்தப் பெருமையில் இந்த வேலை மறைந்துபோயிற்று.) அதற்கு முன்பே அமெரிக்காவில் ஃபிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்து, அங்குள்ள பிள்ளைகளின் பழுப்புப் பற்களைப் பார்த்துத் திகைத்து, முப்பது ஆண்டு துப்பறிந்தார். 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் தண்ணீரில் ஃப்ளோரைடைக் கண்டுபிடித்ததும்தான் விடை கிடைத்தது. கறைப்பல் பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவு என்பதும் அந்த ஆய்வில் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 1945 முதல் அமெரிக்காவில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் குடிநீரில் ஃப்ளோரைடைச் சிறிதளவு கலந்தார்கள். அவர்கள் ஊற்றுகிறார்கள், நாம் வடிகட்டுகிறோம், இரண்டும் சரிதான். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் பல்லுக்குக் காவல். அதைத் தாண்டிப் போகப்போக கெடுதல். நன்மைக்கும் தீமைக்கும் இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள பொருட்கள் உடலியலில் அதிகமில்லை.

இனி அந்தப் போர் தண்ணீரை விழுங்கிப் பார்ப்போம். இரைப்பையில் அமிலம் இருப்பதால் ஃப்ளோரைடு ஹைட்ரஜன் ஃப்ளோரைடாக மாறிச் சவ்வைச் சுலபமாகக் கடக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். வளர்ந்த ஆளின் சிறுநீரகம் அதில் ஏறக்குறைய பாதியை வடித்து வெளியேற்றும். மீதி எலும்புக்குப் போகும். வளரும் குழந்தைக்கு எலும்பு வேலை மும்முரமாக நடப்பதால் பாதிக்கும் மேலே தங்கிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கும் இதே கதிதான். உடம்பில் இருக்கும் மொத்த ஃப்ளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான்.

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாதபோது 1.5 வரை போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5தான். இந்த எண் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பார் என்ற கணக்கை வைத்துப் போட்டது. குளிரூட்டிய கூடத்தில் போன் பாகங்களைப் பொருத்தும் பெண்ணுக்கு அது பொருந்தும்: 1.5ஐ 2ஆல் பெருக்கினால் நாளுக்கு 3 மில்லிகிராம். பர்கூர் பக்கத்துக் கல்குவாரியில் சித்திரை வெயிலில் வேலை செய்பவர் ஐந்து லிட்டர் குடிப்பார். அதே தண்ணீர், அதே 1.5, அவருக்குள் போவது 7.5 மில்லிகிராம். மொத்த உட்கொள்ளல் நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்புக்கு ஆபத்து கூடலாம் என்றும், 14ஐத் தொட்டால் சந்தேகமே இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அளவு ஒன்றுதான் என்பதால் நியாயமும் ஒன்றாகிவிடாது.

எலும்பில் ஃப்ளோரைடு செய்வது விநோதமான வேலை. எலும்பு ஓயாமல் இடிந்து ஓயாமல் கட்டப்படும் திசு. ஃப்ளோரைடு, கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு அடர்த்தியாகிறது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறது, ஆனால் தரம் கெட்ட எலும்பு அது. பிறகு தசைநார்களும் மூட்டைச் சுற்றிய இழைகளும் சுண்ணாம்பாகின்றன. முன்கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. புத்தகப் படத்தில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். முற்றிய நிலையில் அந்தச் சவ்வு எக்ஸ்ரேயில் வெள்ளை முட்களாகத் தெரிந்தால் மருத்துவர்கள் ஃப்ளோரோசிஸைத்தான் முதலில் நினைப்பார்கள். களத்தில் அவ்வளவும் வேண்டாம். குனிந்து காலின் கட்டைவிரலைத் தொட முடிகிறதா, தாடை மார்பில் படுகிறதா, இரண்டு கையையும் மடக்கிப் பிடரியில் கோக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடியாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் ஒரே தெருவில் நாற்பது வயதுக்காரர்கள் பலர் முடியவில்லை என்றால் தெருவின் போரைச் சோதிக்க வேண்டியதுதான். தண்ணீரை மாற்றினால் எலும்பு சேர்த்துவைத்ததைப் பல ஆண்டுகளில் மெதுவாக விடும். சுண்ணாம்பான தசைநார் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இந்த மண்ணின் சாப்பாடு கொஞ்சம் காப்பாற்றுகிறது. ராகியில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. குடலில் கால்சியம் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டால் அது ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு போய்விடும். புளியும் உதவுகிறது: பள்ளி மாணவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002இல் பதிவு செய்தார்கள். ஆனால் களிக்கும் புளிக்குழம்புக்கும் ஊற்றுவது அதே போர் தண்ணீர் என்றால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். காய்ச்சினாலும் பயனில்லை; கிருமி சாகும், நீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். டீக்கடைக் கேன் தண்ணீர் ஆர்.ஓ. செய்ததாக இருந்தால் பெரும்பகுதி நீங்கியிருக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை நாக்பூரின் நீரி ஆய்வகம் தந்தது. அதில் அளவு பிசகாமல் தினமும் செய்ய ஆள் வேண்டும். ஊருக்குச் சிறப்பு, வீட்டுக்குச் சிரமம்.

கல்லூரி ஆய்வகத்தில் இதை ஒரு பாடவேளையில் பார்த்துவிடலாம். சிர்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்த சிவந்த கரைசலில் தண்ணீரை ஊற்றினால், ஃப்ளோரைடு சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். சிவப்பு வெளுத்து மஞ்சளுக்குத் திரும்பும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு ஃப்ளோரைடு. மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டிலில் தங்கள் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்தால், அன்றைக்கு மாலைக்குள் தளியிலிருந்து ஊத்தங்கரை வரை ஒரு வரைபடம் கரும்பலகையில் வந்துவிடும். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடியில் ஃப்ளோரைடு அளவு மாறக்கூடும். ஐயம் வந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒகேனக்கல் தண்ணீர் நாளுக்கு இரண்டு குடம்தான் வருகிறதென்றால், அதை முதலில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குடிக்கவும், அந்தப் பிள்ளைக்கு ஆக்கவும் ஒதுக்குங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். தாய் அதிக ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தாலும் பாலில் இறங்குவது மிக மிகக் குறைவு. போர் தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். குளிக்க, துணி துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவ போர் தண்ணீரே போதும்.